கேஸ் அடிப்பதற்கு முன்னால் கேள்வி கேட்கும் ஏ.சி. பட்டறை

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் ரோட்டில் ஒரு கார் ஏ.சி. பட்டறை இருக்கிறது. பெயர்ப் பலகை வெயிலில் வெளிறிப்போய் 'ஏ.சி.' என்பது மட்டும்தான் தெரிகிறது. அக்கம்பக்கத்தில் 'பாய் கடை' என்று கேட்டால் காட்டிவிடுவார்கள். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். மிச்சம் ஒன்றை ஏன் கொடுக்கவில்லை என்பதையும் எழுதுகிறேன், அவசரப்படாதீர்கள்.

முதலில் வண்டியையும் வெயிலையும் சொல்லிவிடுகிறேன். என்னுடையது கே.எல். 70 நம்பர் போட்ட சின்ன பெட்ரோல் கார், பத்து வயது தாண்டிவிட்டது. நான் வேலை பார்க்கும் தமிழ் மீடியம் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது, அதற்கு ஏ.சி. தேவையில்லை. அம்மாவைக் கோவைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகத்தான் வேண்டும். கண்ணில் ஊசி போட்டுவிட்டுத் திரும்பும்போது தூசி படக்கூடாது என்பதால் கண்ணாடியை இறக்கவும் முடியாது.

வெயிலோ, கேட்கவே வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்திருக்கும் கணவாயில் எங்கள் ஊர்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஆடியில் அந்த வழியாக வரும் காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகும். பங்குனி, சித்திரையில் அதே வழியாக வறண்ட அனல் வந்து இறங்கும். கேரளா என்றாலே பச்சை, குளிர்ச்சி, படகு வீடு என்று பேசுகிறவர்களை ஏப்ரல் மாதம் பாலக்காடு பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து இறக்கிவிட வேண்டும். 2024 ஏப்ரலில் இங்கே 41 டிகிரி தாண்டியது, வெப்ப அலை எச்சரிக்கை கொடுத்தார்கள்.

சரி, ஏ.சி.க்கு வருகிறேன். கோவையில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில்தான் வழக்கமாக விடுவேன். கூலிங் குறைந்தது என்று போனால் கேஸ் அடித்துக் கொடுப்பார்கள், அடுத்த வெயிலுக்கு மறுபடியும் அதே கதை. இந்த வருஷம் மார்ச்சில் கேஸ் அடித்து, சில வாரத்திலேயே மறுபடியும் அனல் வீசியது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் போய்விட்டது, 24,000 ரூபாய் ஆகும் என்று எஸ்டிமேட் போட்டு நீட்டினார்கள். அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டிப் பார்த்தீர்களா, எவ்வளவு காட்டியது என்று கேட்டேன். "மேடம், சார் வந்தா விளக்கமா சொல்றோம்" என்றார் அந்தப் பையன். வண்டி என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது நான், பணமும் என்னுடையது. இதில் சார் எங்கிருந்து வந்தார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பாய் கடையைச் சொன்னது எங்கள் பள்ளி மலையாளம் டீச்சர். தகரக் கொட்டகை, முன்னால் ஒரு புளியமரம், அதன் அடியில் கழற்றிப் போட்ட பழைய கம்ப்ரசர்கள். பாய்க்கு அறுபது வயது இருக்கும். வீட்டில் தமிழ் பேசுகிற ராவுத்தர் குடும்பம், கடையில் வண்டி நம்பரைப் பார்த்துப் பாஷையை மாற்றிக்கொள்வார். எங்கள் பக்கத்து கே.எல். 70 மட்டும் அவருக்குக் குழப்பம், தமிழா மலையாளமா என்று நாம் வாயைத் திறக்கும் வரை காத்திருப்பார்.

எனக்குப் பிடித்துப்போனது இதுதான்: மனிதர் பானெட்டைத் திறக்கவே இல்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்க ஆரம்பித்தார்.

"டீச்சர், காத்து வர்றதே கம்மியா, இல்ல காத்து நல்லா வந்து அது சூடா இருக்குதுங்களா?"

"காத்து நல்லா வருது பாய். சூடாத்தான் வருது."

"போட்ட உடனேயே சூடுங்களா, கொஞ்ச நேரம் கழிச்சா?"

"காலைல கிளம்புறப்ப சில்லுன்னுதான் இருக்குது. சாவடி தாண்டி பைபாஸ்ல போற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. ஆத்துப்பாலம் சிக்னல்ல நின்னா போச்சு."

"மறுபடி வண்டி ஓடுனா?"

"கொஞ்சம் திரும்பி வரும். மத்தியானம்னா அதுவும் இல்ல."

"அப்ப முன்னாடிதான் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் பானெட்டைத் திறக்கச் சொன்னார்.

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கை அப்புறம் டீ குடிக்கும்போது சொன்னார். காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது ப்ளோயர் தகராறு, அல்லது உள்ளே கூலிங் காயில் ஐஸ் கட்டியிருக்கும். காற்று நன்றாக வந்து ஆரம்பத்திலிருந்தே சூடாக இருந்தால் கேஸ் தீர்ந்திருக்கலாம், கம்ப்ரசரை எஞ்சினோடு சேர்க்கும் கிளட்ச் பிடிக்காமல் இருக்கலாம், ஃப்யூஸ், ரிலே ஏதாவது போயிருக்கலாம். ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது சுட்டால் கண்டென்சர் பக்கம் சந்தேகப்பட வேண்டும். வண்டிக்குள் இருக்கும் சூட்டை கேஸ் வாங்கிக்கொண்டு போய் முன்பக்க கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் கண்டென்சரில் கொட்ட வேண்டும். வண்டி ஓடினால் எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். நின்றுவிட்டால் ஃபேன் மட்டும்தான் கதி. ஃபேன் ஓடாவிட்டால் சூடு போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போடச் சொன்னார். கம்ப்ரசர் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம், அதன் முன்தட்டு சுற்ற ஆரம்பித்தது. கிளட்ச் பிடிக்கிறது என்று அர்த்தம். என் வண்டியில் முன்னால் இரண்டு ஃபேன், ஒன்று ரேடியேட்டருக்கு, ஒன்று ஏ.சி.க்கு. ஏ.சி. ஃபேன் அசையவே இல்லை. உதவிக்கு இருந்த தம்பி எட்டிக் கையை நீட்டப் போக, பாய் அவனை ஒரு அதட்டு அதட்டினார். எப்போது வேண்டுமானாலும் சுற்ற ஆரம்பித்து விரலைக் கொண்டுபோய்விடும் சாமான் அது. அவர் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் ஃபேன் மோட்டாரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். ஃபேன் சோம்பலாக நாலு சுற்று சுற்றிவிட்டு நின்றது. மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, கரண்ட் வந்தும் சரியாகத் தொடவில்லை. காலை நேரத்தில் சில சமயம் ஓடியிருக்கும், சூடேறியதும் நின்றிருக்கும் என்றார்.

அத்தோடு விட்டுவிடாமல் கேஜை எடுத்துவந்து மாட்டினார். நீலக் குழாய் அழுத்தம் குறைந்த லோ பக்கம், சிவப்புக் குழாய் அழுத்தம் கூடிய ஹை பக்கம். அன்றைக்கு வெயில் 38 டிகிரி. அந்த வெயிலில் ஒழுங்கான வண்டியில் நீலம் 30, 40, சிவப்பு 220லிருந்து 250க்குள் காட்ட வேண்டுமாம், எல்லாம் பி.எஸ்.ஐ. என்கிற அழுத்தக் கணக்கு. என் வண்டியில் சிவப்பு முள் 250ஐத் தாண்டி, 300ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. நீலம் 60க்குப் பக்கத்தில். தம்பி ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து, கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் மக்கில் மொண்டு மொண்டு ஊற்றினான். ஊற்ற ஊற்றச் சிவப்பு முள் இறங்கியது. உள்ளே உட்கார்ந்திருந்த என் முகத்தில் குளிர்ந்த காற்று அடித்தது. தண்ணீரை நிறுத்தியதும் முள் மறுபடி ஏறியது, காற்று மறுபடி சுட்டது.

"முன்னூறு தாண்டி ஏத்துற கம்ப்ரசரைப் போய் செத்துப்போச்சுன்னு யாருங்க டீச்சர் சொன்னது?"

பெயரைச் சொன்னேன். "ஓ" என்று மட்டும் சொன்னார். இன்னொரு கடையைத் திட்டாத மெக்கானிக்கை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கம்ப்ரசர் நிஜமாகவே போயிருந்தால் நீலம் இறங்காமல், சிவப்பு ஏறாமல் இரண்டு முள்ளும் பக்கம் பக்கமாக வந்து நிற்கும். கேஸ் போதாவிட்டால் இரண்டும் தாழ்ந்து கிடக்கும். என் வண்டியில் இரண்டும் உயரத்தில் இருந்தன. இதை அந்த சர்வீஸ் சென்டரில் ஐந்து நிமிஷத்தில் பார்த்திருக்கலாம்.

புது ஃபேன் மோட்டார் பொள்ளாச்சியிலிருந்து வர வேண்டியிருந்தது, மறுநாள் மாட்டினார். ஃபேன் நன்றாக ஓடியும் சிவப்பு 280க்குக் கீழே இறங்கவில்லை. கூலிங் வந்தது, ஆனால் சுமார். பாய் பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை என்னையே படிக்கச் சொன்னார். ஆர்-134ஏ, 400 கிராம் என்று கேஸின் பெயரும் அளவும் இருந்தது. பழைய கேஸை எடுக்காமல், எடை போடாமல், கூலிங் வரட்டும் என்று மேலே மேலே அடித்திருக்கிறார்கள். கேஸ் அதிகமானாலும் கூலிங் குறையும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கேஜ் இருக்கிறதே, அதைப் பார்த்தே அளவு தெரியாதா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை எங்கள் பள்ளி ஃபிசிக்ஸ் சாரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது உள்ளே கொஞ்சமாவது திரவமாக கேஸ் இருந்தால், அதன் அழுத்தம் வெயிலை மட்டும்தான் பொறுத்தது. 35 டிகிரியில் ஏறக்குறைய 115 பி.எஸ்.ஐ. காட்டும், உள்ளே 200 கிராம் இருந்தாலும் சரி, 400 கிராம் இருந்தாலும் சரி. ஓடவிட்டுப் பார்த்தால் ஃபேன், வெயில், எஞ்சின் வேகம் எல்லாம் சேர்ந்து முள்ளை ஆட்டும். ஆகவே சரியான அளவுக்கு ஒரே வழி, முழுக்கக் காலி செய்துவிட்டுத் தராசில் வைத்து அடிப்பது. பாயிடம் மளிகைக் கடை டிஜிட்டல் தராசு ஒன்று இருக்கிறது. கேஸ் டப்பாவை அதன் மேல் வைத்து, எண் இறங்க இறங்கப் பார்த்து நிறுத்துகிறார். டப்பாவைத் திருப்பி மேலே எழுதியிருப்பதையும் காட்டுவார். நீங்களும் எந்தக் கடையில் அடித்தாலும் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். விலை குறைவு என்று தீப்பிடிக்கும் ஜாதி கேஸை கார் ஏ.சி.யில் ஏற்றுகிறவர்களும் உண்டு.

காலி செய்வதற்கு முன்னால் ஜாயின்ட் ஜாயின்டாக சோப்புத் தண்ணீர் தடவினார். லோ பக்கத்து சர்வீஸ் வால்வில், டியூப் வால்வு மாதிரி உள்ளே சின்ன ஊசி இருக்குமே, அங்கே நிதானமாக ஒரு குமிழ் எழுந்து உடைந்தது, பிறகு இன்னொன்று. அதன் பிளாஸ்டிக் மூடியையும் காணோம். கடைசியாகக் கேஸ் அடித்தவர்கள் திரும்பப் போடவில்லை. வருஷா வருஷம் கேஸ் குறைந்ததற்கு அந்தக் குமிழ்தான் காரணம். ஊசியை மாற்றி மூடியும் போட்டுவிட்டார்.

அப்புறம் வேக்கம், அதாவது உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுப்பது. பம்பை மாட்டி நாற்பது நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, முள் நகர்கிறதா என்று கால் மணி நேரம் பார்த்தார். அந்த வெற்றிடத்தில் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். ஈரம் தங்கினால் கேஸ் குறுகலாக நுழையும் எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸாகி அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளே அரிக்கும். 'பத்து நிமிஷத்தில் கேஸ்' என்று போர்டு வைத்திருக்கும் இடங்களில் இந்த வேலை நடக்க நேரமே கிடையாது, யோசித்துப் பாருங்கள்.

கடைசியில் நடுவில் இருக்கும் காற்று வழியில் ஒரு தெர்மாமீட்டரைச் சொருகினார். நின்ற இடத்தில் 12 டிகிரி. ரோட்டில் ஒரு சுற்றுப் போனபோது 8. அதற்கடுத்த ஆஸ்பத்திரிப் பயணத்தில் ஆத்துப்பாலத்தில் ஏ.சி. அசரவில்லை. பின் சீட்டிலிருந்து அம்மா, "ஏம்மிணி, இதைக் கொஞ்சம் குறைச்சு வையி" என்றாள். அதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் எனக்கு வேண்டாம்.

செலவு: ஃபேன் மோட்டார் 1,900, வேக்கமும் கேஸும் 1,500, வால்வு ஊசிகள் 100, கூலி 600. மொத்தம் 4,100 ரூபாய். கழற்றிய பழைய மோட்டாரை கையில் கொடுத்துவிட்டார்.

இனி குறைகள். பெண்கள் உட்கார ஒழுங்கான இடம் இல்லை, பாத்ரூம் இல்லவே இல்லை. புளியமரத்து நிழலும் ஒரு பழைய கார் சீட்டும்தான். வேக்கம் போடும் நேரத்துக்கு அருகில் தெரிந்தவர் வீடு இருந்தால் பிழைத்தீர்கள். பாய் போனை எடுப்பதே அபூர்வம். பில் கேட்டால் நோட்டுத் தாளைக் கிழித்து எழுதிக் கொடுப்பார். சாமானுக்கு கேரண்டி என்று எழுத்தில் எதுவும் கிடையாது, வாய்வார்த்தைதான். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார், அன்றைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள்.

நான் ஒரு மார்க் குறைத்தது இவற்றுக்காக இல்லை. பழைய கேஸை அவர் அப்படியே காற்றில் திறந்துவிடுகிறார். இழுத்துச் சேமிக்கும் ரெகவரி மெஷின் அவரிடம் இல்லை. பழைய ஆர்-12 மாதிரி இந்தக் கேஸ் ஓசோனை ஓட்டை போடாதுதான், ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்ஸைடைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். என் வண்டியிலிருந்து போன 400 கிராம் சொச்சம், அரை டன் கார்பன் டை ஆக்ஸைடை விட்டதற்குச் சமம். 41 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும் ஊரில் நின்றுகொண்டு அதைப் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. சொன்னேன். "மெஷின் விலைக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் காரே வாங்கலாம் டீச்சர்" என்றார். நியாயம்தான், ஆனாலும் இவ்வளவு வண்டி வருகிற கடை, வாங்கியே ஆக வேண்டும்.

எல்லா வண்டிக்கும் இவர் சரிப்பட மாட்டார். டிகிரி செட் செய்யும் ஆட்டோமேட்டிக் க்ளைமேட் கன்ட்ரோல் வண்டிகளில் சென்சார், மோட்டார் கோளாறுக்கு ஸ்கேனர் வேண்டும், அது இவரிடம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் பாய் பானெட்டுக்குள் தடித்த குழாயைத் தொட்டுப் பார்த்தார். வியர்த்து, சில்லென்று இருந்தது. குழாய் குளிர்ந்தும் உள்ளே சூடு வருகிறதென்றால் கேஸ் வேலை செய்கிறது, டேஷ்போர்டுக்குள் ஹீட்டர் காற்றைக் கலக்கும் ஃப்ளாப் மாட்டிக்கொண்டிருக்கிறது. "இது நம்ம கையில ஆகாதுங்க, ஸ்கேனர் வெச்சிருக்கிற இடத்துக்குப் போங்க" என்று காசு வாங்காமல் அனுப்பிவிட்டார்.

போகிறவர்கள் கிளம்பும் முன் இரண்டு விஷயம் பார்த்துக்கொண்டு போனால் பாய்க்கும் நேரம் மிச்சம். க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரை உருவிப் பாருங்கள். தென்னந்தோப்பு மண்ரோட்டில் ஓடும் வண்டிகளில் அது சாணித்தட்டு நிறத்தில் இருக்கும். அப்புறம் ஏ.சி.யைப் போட்டுவிட்டு வண்டிக்கு முன்னால் நின்று ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள், கையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

என் வண்டியில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஏ.சி. போட்டதும் முதல் ஒரு நிமிஷம் ஈரத்துணி வாடை வருகிறது. கூலிங் காயிலில் அழுக்கு சேர்ந்திருக்கிறதாம். டேஷ்போர்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய முழுநாள் ஆகும், 2,500 ரூபாய் என்றார். கழற்றினால் கிளிப்புகள் சில உடையும், பிறகு கடகடவென்று சத்தம் வரலாம் என்பதையும் அவரே சொன்னார். ஓணம் லீவுக்குத் தள்ளிப் போட்டிருக்கிறேன்.